மோட்டார் நிறுத்தம் 12.25

ஊராட்சித் தலைவர் ஒருவரின் ஒரே ஒரு நாள் அரசாங்கப் பதிவேடுகளில் எத்தனை இடத்தில் ஏறியிருக்கும் என்று யாராவது கேட்டால், ஒரு நாளைப் பற்றி மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். அந்த நாள் நான்கு இடங்களில் ஏறியிருந்தது. மூன்று சரி, ஒன்று தவறு. தவறானதை எழுதியவன் நான். நான்கிலும் கையெழுத்து அழகாக இருந்தது அதில்தான்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையைப் பார்த்த ஒரு ஊராட்சியில் நான் செயலர். சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம். வேலைக்காகப் பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். அதில் கருத்து எதுவும் இருக்காது. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பது மட்டும் இருக்கும். என் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. தணிக்கைக்கு வருகிறவர்கள் என் நோட்டைப் பக்கத்து ஊராட்சிக்காரர்களிடம் காட்டி, "இப்படி எழுதுங்கய்யா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அடித்தல் இல்லாமல் எழுதுவதற்கு ஒரு வழி உண்டு. எங்கள் வேலையில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு அது தெரியும். கிராம சபைக் கூட்டத்தில் என்னென்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே சுற்றறிக்கை வந்துவிடும். கூட்டம் காலை பதினொன்றுக்கு என்பதும் அதிலேயே இருக்கும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து, "காலை 11.00 மணிக்கு ஊராட்சி மன்றத் தலைவர் தலைமையில் கூட்டம் தொடங்கியது" என்று நிதானமாக எழுதி முடித்துவிடுவோம். மறுநாள் ஜனங்கள் கையெழுத்துப் போட மட்டும் பக்கம் விட்டிருப்போம். கூட்டத்தில் புதிதாக ஏதாவது கோரிக்கை வந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். இதை நான் தவறு என்று நினைத்ததில்லை. ஒழுங்கு என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தலைவர் நாற்பது வயதை நெருங்கிய பெண். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஊர்க்காரர்களின் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். தலைவரும் கல்யாணம் வரை அதே காட்டில் கடலை பிடுங்கியவர்தான். பத்தாவது படித்தவர். எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் போடுவார். துணைத் தலைவர் ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அறுபதைத் தாண்டியவர், பேச்சில் கெட்டிக்காரர். தலைவர் கடலை பிடுங்கிய காடுகளில் ஒன்று அவருடையது.

நான் சொல்லும் நாள் ஒரு சுதந்திர தினம். காலை எட்டு மணிக்குத் தலைவர் ஊராட்சி அலுவலகத்தில் கொடி ஏற்றினார். எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏற்றினார். அது தலைமை ஆசிரியரின் பதிவேட்டில் இருக்கிறது. முதல் பதிவு அது. மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மாட்டுக்குச் சோளத்தட்டை அறுக்கப் போன பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது என்று ஆள் ஓடிவந்தது. தலைவர் மிட்டாய்த் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்தான். கிடைத்த மினி லாரியில் அந்தப் பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு, முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து பெரம்பலூர் அரசு மருத்துவமனை. அங்கே பதிவேட்டில், கூட வந்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து, நேரம் 11.05. இரண்டாவது பதிவு அது.

அதே நேரத்தில் இங்கே பம்பு ரூமை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஊர் கூடிவிட்டது. துணைத் தலைவர் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க செயலரே, பதினொன்னே கால் ஆச்சு. இத்தன ஜனம் வெயில்ல காயணுமா? துணைத் தலைவருன்னு ஒரு ஆள சட்டத்துல எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. தலைவர் வர முடியாவிட்டால் துணைத் தலைவர் நடத்தலாம். நான் தலைவரின் நாற்காலியை மேசைக்கு நேராக இழுத்துப் போட்டு, "உட்காருங்க ஐயா, ஆரம்பிச்சுடலாம்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். "கிளார்க் சார், அந்த சேரு பிரசிடெண்டு சேரு. அது அப்புடியே இருக்கட்டும்."

"அவங்க எப்ப வருவாங்களோ தெரியாதும்மா."

"எப்ப வேணா வரட்டும். பாம்பு கடிச்சவள தூக்கிட்டுல்ல போயிருக்கு, மாமியா வூட்டுக்கா போயிருக்கு? நாங்க கெடக்கிறோம்."

"அப்ப மத்தியானச் சோத்தையும் செயலரே போட்டுடுவாரு போல," என்றார் துணைத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது.

தலைவர் பன்னிரண்டு இருபது பஸ்ஸில் வந்து இறங்கினார். கொடி ஏற்றக் கட்டியிருந்த புதுச் சேலையில் மண்ணும் ரத்தமும் காய்ந்திருந்தன. "பொழச்சிக்கும்னு சொல்லிட்டாங்க," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் மைக்குக்குப் பம்பு ரூமிலிருந்துதான் கரண்ட். மோட்டார் ஓடும்போது மைக் கரகரக்கும். அதனால் கூட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொள்ளும் மோட்டார்காரர் நிறுத்தினார், தன் நோட்டில் எழுதினார்: நிறுத்தம் 12.25. கூட்டம் முடிந்ததும் ஓட்டம் 2.05. ஊராட்சி கொடுத்த நீள நோட்டு அது. காரணமெல்லாம் எழுத மாட்டார், எண் மட்டும்தான். அது மூன்றாவது பதிவு.

நான்காவது, என் தீர்மானப் பதிவேடு. அதில் கூட்டம் 11.00 மணிக்கே தொடங்கிவிட்டிருந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் கலெக்டர் அலுவலகத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. துணைத் தலைவர் மனு கொடுத்திருந்தார். தகவல் அறியும் சட்டத்தில் என் பதிவேட்டின் நகலை வாங்கி இணைத்திருந்தார். பதினொரு மணிக்குத் தலைவர் பெரம்பலூர் மருத்துவமனையில் இருந்தார். பதினொரு மணிக்கு அவர் தலைமையில் கூட்டம் நடந்ததாகப் பதிவேடு சொல்கிறது. ஆகவே அவர் கூட்டத்துக்கே வரவில்லை, பொய்யான பதிவேட்டில் பிறகு கையெழுத்துப் போட்டிருக்கிறார், பதவியிலிருந்து நீக்க வேண்டும். மனுவில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. நானே எழுதிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

ஊர் முழுக்கச் சாட்சி இருந்தது. ஆனால் பாதி ஊர் துணைத் தலைவர் பக்கம். பாதி ஊர் தலைவரின் சொந்தக்காரர்கள். யார் என்ன சொன்னாலும் "அவங்க ஆளு" என்ற ஒரே வார்த்தையில் அடித்துவிடலாம். மோட்டார்காரரும் தலைவரின் தெருதான். அவர் நோட்டைப் புரட்டி எனக்குக் காட்டினார்.

"பன்னண்டு இருவத்தஞ்சு சார். தெளிவா இருக்கு பாருங்க."

"மோட்டார் நின்னது தெரியுது. எதுக்கு நின்னதுன்னு இதுல எங்க இருக்கு?"

"மைக்குக்குத்தான் சார். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சது பத்தாது."

தலைவர் என்னை எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்த 11.00 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சிட்டுத்தான் சார் கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு தீர்மானத்த மட்டும் படிச்சேன். நேரத்த படிக்கல," என்றார்.

பக்கத்து ஊராட்சிச் செயலர் போனில் யோசனை சொன்னார். "ஒன்னு பக்கத்துல இருக்கற ஒன்ன ரெண்டாக்குங்க. பேனாவ ஒரு சுழி சுழிச்சா போதும். பன்னெண்டு ஆயிடும்."

"நகல் அவருகிட்ட இருக்கே."

"அட, ஆமால்ல," என்று வைத்துவிட்டார்.

அந்த நாளை எழுதிய டைரி நோட்டு அதற்குள் நிரம்பிவிட்டது, அது என்னிடம் பெரம்பலூரில் இல்லை. நடுவில் வீடு மாற்றியபோது பழைய டைரிகளோடு அதையும் ஊரில் அக்கா வீட்டில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போய், ஜெயங்கொண்டம் மாறி, ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தேன். தகரப் பெட்டியின் மேல் அக்கா முந்திரிக்கொட்டை மூட்டையை ஏற்றி வைத்திருந்தார்.

"பொட்டிக்குள்ள நகை வப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ என்னிக்கு எத்தன மணிக்கு இட்லி தின்னேன்னு வச்சிருக்க. இதுக்கு ஒரு பூட்டு வேற."

"ஒருத்தங்க பதவி இதுலதான்க்கா இருக்கு."

"இட்லியிலயா?" என்று கேட்டுக்கொண்டே மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.

அந்தப் பக்கம் இருந்தது. என் பேனா, என் எழுத்து, நீல மை.

"8.00 அலுவலகம், 8.30 பள்ளி, கொடி. 9.20 பாம்புக்கடி, தலைவர் உடன் சென்றார். 11.20 துணைத் தலைவரை அமரச் சொல்லி நாற்காலி போட்டேன். பெண்கள் மறுத்தனர். அவர் அமரவில்லை. 12.20 தலைவர் வந்தார். 12.25 மைக்குக்காக மோட்டார் நிறுத்தம், கூட்டம் தொடக்கம். 2.00 முடிவு. பதிவேட்டில் 11.00 என உள்ளது, நேற்று எழுதியது. திருத்தவில்லை."

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பக்கத்தைப் பல தடவை படித்தேன். தலைவரைக் காப்பாற்ற இது போதும். என்னைக் காட்டிக்கொடுக்கவும் போதும். கடைசி வரிக்கு நடவடிக்கை வரும். வரட்டும், அது நான் செய்ததுதான். என்னை உறுத்தியது 11.20. சோறு தண்ணீர் இல்லாமல் ஓடிய தலைவரின் நாற்காலியை அவர் வருவதற்குள் இன்னொருவருக்கு இழுத்துப் போட்ட விஷயம் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வரியை மறைத்து ஜெராக்ஸ் எடுக்கலாம். அரியலூர் தாண்டும் வரை அந்த எண்ணம் இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். நடுவில் வெள்ளையாக இருக்கிற பக்கத்தை நான் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றுக்கொண்டதில்லை.

விசாரணை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு சின்ன அறையில் நடந்தது. விசாரணை அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பக்கம் தலைவர், எதிர்ப்பக்கம் துணைத் தலைவர். நான் டைரியைக் கொடுத்தேன். பதிவேட்டை முந்தின நாளே எழுதியதையும் எழுத்துமூலம் கொடுத்தேன். அவர் சத்தமாகவே படித்தார். நாற்காலி வரி வந்தபோது நான் தலைவரைப் பார்க்கவில்லை.

துணைத் தலைவர் உடனே சொன்னார். "சார், இந்த டைரி இப்ப உக்காந்து எழுதுனது. அவரு அந்தம்மா பக்கம்."

"அந்தம்மா பக்கம்னா, உங்களுக்கு நாற்காலி போட்டேன்னு ஏன் எழுதறாரு?" என்றார் அதிகாரி. "போட்டாரா, இல்லையா?"

துணைத் தலைவருக்கு அது பெருமையான விஷயம். செயலரே என்னை உட்காரச் சொன்னார் என்று அவர் டீக்கடையில் பல தடவை சொல்லியிருக்கிறார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"போட்டாருங்க. நான்தான் மரியாதைக்கு உக்காரல."

"சரி, நீங்க உக்காரல. அப்ப ரெண்டு மணி வரைக்கும் அதுல உக்காந்து கூட்டம் நடத்துனது யாரு?"

துணைத் தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். விரித்து மறுபடியும் மடித்தார். அதிகாரி மோட்டார்காரரின் நோட்டையும் மருத்துவமனைப் பதிவையும் டைரிக்குப் பக்கத்தில் வைத்து மூன்றிலும் நேரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது மூணும் ஒத்துப்போகுது," என்று சொல்லிவிட்டு என் பதிவேட்டை மூடினார்.

மனு தள்ளுபடியானது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, விளக்கம் கொடுத்தேன், எழுத்துமூல எச்சரிக்கையோடு முடிந்தது. அந்த எச்சரிக்கையையும் வரிசை எண் போட்டு என் கோப்பில் வைத்திருக்கிறேன்.

விசாரணை முடிந்த அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தலைவர் எனக்கும் மோட்டார்காரருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் பேச ஆரம்பித்தேன். "தலைவரம்மா, அன்னிக்கு அந்த நாற்காலி..."

"பஸ்ஸ விட்டு எறங்குனதுமே சொல்லிட்டாங்க சார். எனக்கு அன்னிக்கே தெரியும்." டீயை ஊதினார். "நீங்க எழுதி வச்சிருப்பீங்கன்னுதான் தெரியாது."

டீயைக் குடித்து முடித்ததும் எங்கள் ஊர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார். மன்னித்தார் என்று நான் எழுத மாட்டேன். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்த கிராம சபை குடியரசு தினத்தன்று. முந்தின நாள் சாயங்காலம் வழக்கம் போல உட்கார்ந்தாலும் இந்தத் தடவை தலைப்பை மட்டும் எழுதி, நேரத்துக்கும் தலைமை வகித்தவர் பெயருக்கும் இடம் விட்டிருந்தேன். மறுநாள் தலைவர் வந்து உட்கார்ந்ததும் என்னிடமிருந்து பேனாவையும் பதிவேட்டையும் வாங்கினார். பம்பு ரூமைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மோட்டார நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேங்க!"

"எத்தன மணிக்கு?"

"பதினொன்னு பத்து!"

தலைவர் குனிந்து எழுதினார்: 11.10. கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரு 1 கோட்டைத் தாண்டிவிட்டது. அதை அவரே அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதினார். என் பதிவேடுகளிலேயே முதல் அடித்தல் அது. பதவிக்காலம் முடிகிற வரைக்கும் அந்த இடத்தை அவர்தான் நிரப்பினார்.