ஐந்தருவியில் பையை யார் பார்த்துக்கொள்வது?

தேங்காய் எண்ணெயில் நேந்திரம் சிப்ஸ் பொரிகிற வாசனையும், நனைந்த பையின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும்... நான் ஐந்தருவிக்குப் போய்விடுவேன்.

பை சபீனாவுடையது. கடையநல்லூர்க்காரி. அவளுடைய வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய முதுகுப்பை அது. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளும் நானும் பில்லிங். லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே ரூம்.

சாப்பிடும்போதெல்லாம் அவள் மொபைலில் ஒரே வீடியோதான் ஓடும். யாரோ ஒரு பெண் முதுகில் மூட்டையோடு டெல்லி, ஜெய்ப்பூர், காட்மாண்டு என்று சுற்றுவாள். சீப்பான ரூம், தெருவோரச் சாப்பாடு, டவுன் பஸ். அதைப் பார்த்துப் பார்த்து சபீனாவுக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது.

"ஏட்டி கோமு, நம்மளும் ஒரு நாள் பேக்பேக்கர்ஸ் ஆவோம்."

"எங்கனட்டி போறது? கையில என்ன இருக்கு?"

"குத்தாலம்!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள் வந்துவிடுகிற ஊர்... அதற்கு முதுகுப்பையா?

சிரித்தேனே தவிர உள்ளுக்குள் பயம். எங்கள் ஊர் கடையத்திலிருந்து என்னை வேலைக்கு அனுப்பும்போதே அப்பா சொல்லிவிட்டார். "ஊர் சுத்துதான்னு ஒரு பேச்சு என் காதுல விழுந்தா, அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு கடையத்துக்கு வந்துரணும்." சொன்னால் செய்கிற மனுஷன். முதல் சம்பளம் வாங்கி நாலு மாசம்கூட ஆகவில்லை. அதை விட்டுவிட்டு மறுபடி வீட்டில் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை.

ஆனாலும் போனோம். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. "ஆடித் தள்ளுபடிம்மா, இந்த வாரம் லீவு கெடையாது" என்று வீட்டுக்குப் போன் போட்டுவிட்டேன்.

சபீனா ஒரு கண்டிஷன் போட்டாள். வெளியூர்க்காரர்கள் மாதிரியே நடந்துகொள்ள வேண்டுமாம். நானும் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் ஸ்டைலாக, "சார், இது ஃபால்ஸ் போகுமா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போகும், ஏறு தாயி. கடையம் பக்கமா நீ?"

குற்றாலம் வருகிற வரைக்கும் சபீனா சிரிப்பை நிறுத்தவில்லை.

நல்ல சீசன். பொடிப்பொடியாகச் சாரல். ரோடெல்லாம் கேரளா வண்டி, உடம்பு முழுக்க எண்ணெயோடு நடந்து போகிற ஆட்கள். பெரிய மனுஷிகள் மாதிரி லாட்ஜில் ரூம் வாடகை விசாரித்தோம்... கேட்டதும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தோம். ஒரு மங்குஸ்தான் பழத்தை ஆளுக்குப் பாதி. ஐந்தருவிக்கு நடைதான்!

அங்கேதான் பிரச்சினை. பையை என்ன செய்ய?

பெண்கள் குளிக்கிற பக்கத்தில் எப்போதும் ஒரு அம்மா குளிக்காமல் சாமான் குவியலுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார், கவனித்திருக்கிறீர்களா? அன்றைக்கும் ஒருவர் இருந்தார். சபீனா விறுவிறுவென்று போனாள்.

"எக்கா, இந்தப் பையையும் கொஞ்சம் பாத்துக்கிடுதீயளா?"

"வச்சிட்டுப் போ தாயி."

அந்தக் குரல்!

எங்கள் அம்மா.

வேலை போச்சு, எல்லாம் போச்சு... ஆனால் என்னைப் பார்த்த அம்மாவின் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது.

"ஏட்டி... நீ கடையில இல்லியா?"

"நீ எங்கனம்மா இங்க?"

ஆடிச் செவ்வாய்க்குத் தென்காசிக் கோயில் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தெருப் பெண்களோடு வேனில் வந்திருக்கிறாள். சபீனாதான் முதலில் சிரித்தாள். "சவத்து மூதி, சிரிக்காதட்டி" என்று அதட்டிய அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேத்துல்லா வைவாரு. நான் உன்னப் பாக்கல. நீயும் என்னப் பாக்கல. சரியா?"

அப்பாடா... போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். கூட வந்த எல்லாருடைய தலையிலும் தண்ணீர் சொட்டுகிறது. அம்மாவின் கொண்டைப்பூ வாடவே இல்லை.

"நீ குளிக்கலியாம்மா?"

"இவளுக சாமான யாரு பாக்கது?"

வருஷா வருஷம் குடும்பத்தோடு வருவோம். அப்பா குளிப்பார், அத்தைகள் குளிப்பார்கள், நாங்கள் உதடு நீலம் பாய்கிற வரை குளிப்போம். அம்மா பைகளுக்கு நடுவில் இருப்பாள். அம்மா அருவியில் நனைந்து நான் பார்த்ததே இல்லை. அது அதுவரை என் மண்டையில் உறைக்கவும் இல்லை.

"பெறகு எதுக்குப் பொய் சொல்லிட்டு வந்த?"

"சத்தத்தையாவது கேக்கலாம்னுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது.

"எந்திரி. நான் பாத்துக்கிடுதேன்."

"நீ குளிக்க வந்தவல்லா..."

"எந்திரிம்மா!"

சபீனா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அம்மா முதலில் கையை நீட்டினாள். பிறகு தோளைக் கொடுத்தாள். யாரோ நகர்ந்து இடம் விட்டதும் மொத்தமாக உள்ளே போய்விட்டாள். கொண்டை அவிழ்ந்தது, பூ எங்கேயோ போனது. ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள்! அத்தனை பெண்களின் கூச்சலிலும் அது தனியாகக் கேட்டது.

நடுங்கிக்கொண்டு வந்து, நான் வாங்கிக் கொடுத்த மிளகாய் பஜ்ஜியை ஒரு கடி கடித்தாள். "ஏட்டி, இன்னொரு மட்டம் போயிட்டு வரட்டா?" பதிலுக்குக்கூட நிற்கவில்லை. அன்றைக்கு நான் குளிக்கவே இல்லை. சாரலில் நனைந்ததே போதுமாக இருந்தது.

இப்போது சபீனா கல்யாணமாகி ஷார்ஜாவில் இருக்கிறாள். பை என்னிடம். ஜெய்ப்பூருக்கு முதல் டிக்கெட் போட்டபோது அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள், "போயிட்டு வரட்டும். பையப் பாத்துக்கிட அவளுக்குத் தெரியும்." அப்புறம் காட்மாண்டுவும் ஆச்சு. தங்குகிற ஹாஸ்டலில் எல்லாம் லாக்கர் இருக்கிறது, யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. வசதிதான்... ஆனாலும் "வச்சிட்டுப் போ தாயி" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

இந்த சீசனுக்கும் வீட்டோடு ஐந்தருவி போனோம். இறங்கியதும் அம்மா எல்லாப் பைகளையும் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இந்தா, சீக்கிரம் வந்துருவியா?" என்று அப்பா கேட்டார்.

அருவிச் சத்தத்தில் அம்மாவுக்கு அது கேட்கவே இல்லையாம்.