பரங்கிப் பிஞ்சுக்கு நேராகப் போனை நீட்டியவன்

நான் வேலை பார்க்கும் செல்போன் ரிப்பேர் கடையில் விற்காமல் கிடந்த சாமான்களில் ஒன்று, போன் கேமராவின் மேல் கவ்வி மாட்டுகிற குட்டி லென்ஸ். பார்க்கத் துணி காயப்போடும் கிளிப் மாதிரி இருக்கும். மாட்டினால் எறும்பு எருமையாகத் தெரியும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தார் முதலாளி. எறும்பை எருமையாகப் பார்க்க ராயபுரத்தில் யாருக்கும் ஆசை இல்லை. தீபாவளி போனஸ் என்று அதை என் தலையில் கட்டினார்.

அந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. பூவுக்கு இரண்டு விரல் தூரத்தில் போனைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளினால் புகை, கொஞ்சம் நெருங்கினாலும் புகை. திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில், மெயின் ரோட்டோரம் எருக்கஞ்செடி இருந்தது. மூச்சைப் பிடித்துக் குனிவேன். அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி போகும். பூ ஆடும், நான் ஆடுவேன், படத்தில் ஊதா நிறத்தில் ஒரு கறை விழும். ஊரே திட்டுகிற டிராபிக் ஜாம் ஒன்றுதான் என் பக்கம் இருந்தது. லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் காற்றும் நின்றுவிடும். ஒரு டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, மோதிரம் எதுவும் தொலைந்துவிட்டதா, தேட ஆள் இறக்கட்டுமா என்று கேட்டார்.

பிறகு கால்வாய் தோண்ட வந்தவர்கள் எருக்கஞ்செடியை வாரிக்கொண்டு போனார்கள். எனக்கு மிஞ்சியது பக்கத்து வீட்டுக் கூரையில் படர்ந்த பரங்கிக்கொடிதான். எங்கள் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தால் அந்தக் கூரை இடுப்புயரம். விடிகிறபோது பூ விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். லாரிக் காற்று அங்கே எட்டாது. உப்பும் கரியும் கலந்த ஒரு தூசு மட்டும் இதழ் மேல் படிந்திருக்கும். கடையில் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைத் துடைக்கிற மெல்லிய பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, பூவுக்கு முகம் துடைத்துவிட்டுப் படம் எடுப்பேன்.

கொடி பக்கத்து வீட்டு அக்காவுடையது. முதல் நாள் முற்றத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

“டேய், இன்னாடா பண்ற? பூவ போட்டா புடிக்கிறியா, அதுக்கு மூக்கு குத்தினு கீறியா?”

அதோடு விட்டுவிட்டார். வம்பு வந்தது பிஞ்சால். கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு, அதன் தலையில் ஒரு பூ. அதைக் கிட்டப்போய் நன்றாக எடுத்தேன். நாலைந்து நாளில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்ததையும் எடுத்தேன். அதுவும் உதிர்ந்தது. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும், காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அக்கா என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

“பிஞ்சாண்ட வெரல நீட்டினாலே நிக்காது. நீ போனயே நீட்டிகினு கீற. வெரலுன்னா மடக்கலாம். போன எப்டிடா மடக்குவ?”

“மடக்குற போனும் வந்துட்ச்சிக்கா. வாங்கிக் குடு, மடக்கியே எடுக்குறேன்.”

துடைப்பத்தை எடுத்தார். நான் இறங்கிவிட்டேன்.

சிரிப்பு அதோடு சரி. அவர் வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அன்று சாயங்காலம் என் காதில் விழுகிற மாதிரிச் சொன்னார்.

“இந்த மாசத்துக்குள்ள ஒரு காயாவது நின்னா கொடி நிக்கும். இல்லாங்காட்டி கூர ஷீட்டு மாத்துறப்போ அறுத்துப் போட்ருவேன்.”

கொடி பாரத்தில் கூரை விரிசல் விட்டு மழைத்தண்ணீர் அவர் கட்டில்மேல் ஒழுகியது. அவர் பக்கமும் நியாயம்தான். அக்கா கொடியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கொடிக்கு மீன் கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றி வளர்த்தவர் அவர். கொடியை அறுத்தால் எனக்குப் பூ போகும், அவருக்குக் கொடியே போகும். போதாததற்குத் தெருவில் நான் கொள்ளிக்கண்ணன்.

கடையில் கூட்டம் இல்லாத மதியத்தில் என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூக்கள் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். இரண்டு ஜாதி. வெறும் காம்பில் நிற்கிற பூவின் நடுவில் ஒரு குச்சி, குச்சி முழுக்க மஞ்சள் மாவு. பிஞ்சின் தலையில் இருக்கிற பூவின் நடுவில் குட்டித் தலையணை மாதிரி ஒன்று. அதில் மாவு ஒரு துளிகூட இல்லை. இத்தனை படத்தில் ஒரு வண்டும் இல்லை, ஒரு தேனீயும் இல்லை. போனில் தேடினேன். தேனீ செய்கிற வேலையைக் கையாலும் செய்யலாம் என்று போட்டிருந்தது. கல்யாணம் நடக்காத வீட்டில் பிள்ளை இல்லை என்று என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பிஞ்சு பூக்கிற நாளில் பிரஷோடு ஏறலாம், போன் மட்டும் தன்னிடம் இருக்க வேண்டும் என்றார். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை.

ஒருநாள் விடிந்ததும், பிஞ்சு பூத்திருக்கிறது என்று கூப்பிட்டார். போனைக் கொடுத்துவிட்டு லென்ஸை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ஏறினேன். பிரஷில் மாவை எடுத்துத் தலையணையில் தடவினேன். லென்ஸைக் கண்ணில் ஒட்டிப் பார்த்தால், ஒவ்வொரு மணியும் ரவை லட்டு மாதிரி உருண்டையாக, பிசினில் ஒட்டிக்கொண்டு மின்னியது. அதுவரை நான் எடுத்த படம் எதுவும் அதன் கால்தூசு பெறாது. எடுக்கத்தான் போன் இல்லை.

அந்த வாரம் முழுக்க அக்காவும் நானும் காலையில் எழுந்ததும் முதலில் கூரையைத்தான் பார்ப்போம். பிஞ்சு மஞ்சளாகவில்லை. கோலிக்குண்டு எலுமிச்சையானது, எலுமிச்சை தேங்காயானது. ஒருநாள் அவர் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறினார். கையில் கத்தி இருந்தது. அவர் சாக்கை அறுத்து, காய்க்கு அடியில் மெத்தை மாதிரி மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

வேலையைக் காட்டியது என் பிரஷ்தான் என்று அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். ஆண் பூ, பெண் பூ எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் கெடக்கட்டும்டா. போன கீழ வெச்ச, காயி நின்னுச்சி. இதுல இன்னா பெருசா கண்டுபுட்ச்சிட்ட?”

அதற்குப் பிறகு நான் எடுத்த படங்கள் எல்லாம் ஆண் பூக்கள்தான், அவற்றை எடுக்கத் தடை இல்லை. பிஞ்சு பூக்கிற நாளில் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவார். போனை வாங்கி அரிசி டப்பாவில் போட்டு மூடுவார். தண்ணீரில் விழுந்த போனைத்தான் அரிசியில் போடுவார்கள் என்று ஒருமுறை சொன்னேன். என் கண்ணைவிடத் தண்ணீர் மேல் என்றார். நான் பிரஷை எடுத்துக்கொண்டு ஏறினேன்.