மலைக்கென்று கிளம்பி மன்னார்குடிப் பக்கம்

நாங்கள் சென்னையை விட்டுப் போவது என்று பேச ஆரம்பித்தபோது அந்தப் பேச்சில் மன்னார்குடி வரவே இல்லை. மலைதான் இருந்தது.

வேளச்சேரியில் நாலாவது மாடியில் குடியிருந்தோம். காலையில் என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவரிடம், "அப்பா, இன்னிக்கு எவ்வளவு நேரம் இருப்பீங்க?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. அன்று சாயங்காலமே அவர் மலையடிவாரத்தில் விலைக்கு வரும் வீடுகளை ஃபோனில் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஏன் மலை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் பிறந்த ஊரில் ஒரு மேடுகூடக் கிடையாது. மலையை முதன்முதலில் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். நான் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். பரங்கிமலையை மின்சார ரயிலில் கடந்து போனதுதான் என் மலை அனுபவம். இரண்டு பேருக்கும் மலையைப் பற்றி எதுவும் தெரியாது என்பதால் ஆசைக்கு அளவே இல்லாமல் போனது.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓரமாக ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். பின்னால் மலை, அதன்மேல் மேகம், எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன. படத்தில் இல்லாதது, பாதி இடிந்து கிடந்த சுற்றுச்சுவர்.

"சுவர் ஏங்க இப்படி இருக்கு?" என்று கேட்டார் என் கணவர்.

"ஆனை வந்துச்சுங்க," என்றார் தரகர், தபால்காரர் வந்துபோனதைச் சொல்வதுபோல.

"அடிக்கடி வருமா?"

"அதெல்லாம் இல்லீங்க. வருசத்துக்கு ரெண்டு தடவைதான்."

"எந்த மாசம்?"

"அது ஆனைக்குத்தாங்க தெரியும்."

மகள் அந்த வீட்டையே வாங்கலாம் என்றாள். நாங்கள் அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில்தான் எனக்கு உறைத்தது, இவர் ஏற்கெனவே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார், வீட்டுக்காரரிடமும் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. மலை இல்லை, வீடும் இல்லை. திண்டுக்கல் தாண்டியதும் அவர் மெதுவாக, "கொஞ்ச நாளைக்கு எங்க ஊர்ல இருப்போமா?" என்றார்.

அப்படித்தான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கும் அவருடைய ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே அவருடைய அக்கா இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். என் மாமனாரும் மாமியாரும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை செய்து, கடைசியில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கியவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்த நிலத்தை அண்ணிதான் பார்த்துக்கொண்டார். என் கணவரைப் படிக்கிற பிள்ளை என்று சொல்லி வரப்பைத் தாண்டவே விட்டதில்லை. ஆகவே இந்த ஊரிலேயே பிறந்திருந்தும் விவசாயத்தில் அவருக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

முதல் நாள் காலையில் மொட்டை மாடிக்குப் போனோம். நாலு பக்கமும் தோசைக்கல் மாதிரி தட்டையாக வயல். உயரமாக இருந்தவை இரண்டே இரண்டு: செல்ஃபோன் டவர், தண்ணீர்த் தொட்டி.

"மலை எந்தப் பக்கம்?" என்றாள் மகள்.

அவர் மேற்கே கையைக் காட்டினார். "அந்தப் பக்கம். தஞ்சாவூர், திருச்சியெல்லாம் தாண்டி."

கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "மலை வேணும்னா ஒருநாள் உச்சிப்பிள்ளையாரைப் போயி கும்பிட்டுட்டு வந்துடுங்க. அதுக்கு மேல மலை நமக்கு எதுக்கு?"

அந்த வருடக் குறுவை நெல்லைத் தானே பயிர் செய்வதாக என் கணவர் அறிவித்தார். அண்ணி மறுக்கவில்லை. "செய்யி தம்பி. நான் சும்மா பக்கத்துல நிக்கிறேன்," என்றார். இவர் மூன்று வாரம் ஃபோனில் வீடியோ பார்த்தார். மன்னார்குடிக்குப் போய்த் தொப்பியும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் வாங்கி வந்தார். அண்ணி பூட்ஸைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

நடவு அன்று பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். முடி முடியாகக் கட்டிய நாற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று இவர் உழுத சேற்றில் இறங்கினார். நாலு எட்டு நன்றாகத்தான் வைத்தார். ஐந்தாவது எட்டில் கால் மட்டும் வெளியே வந்தது, பூட்ஸ் வரவில்லை. அதை இழுக்கக் குனிந்தபோது அடுத்த பூட்ஸும் உள்ளே போனது. ஒரு கையில் நாற்று முடியுடனும் காலில் சாக்ஸுடனும் அவர் வயல் நடுவே நின்றார்.

நட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "பூட்ஸ் நட்டுட்டீங்களா தம்பி? எப்ப அறுப்பு?"

அன்றைக்கு நடவு முடிய வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமானது என்று அண்ணி பிறகு சொன்னார். சிரித்துக்கொண்டே வேகமாக நட முடியாதாம்.

இதற்கிடையில் என் வேலை என்னோடு வந்திருந்தது. ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் பேசுவது என் உத்தியோகம். துவைக்கவில்லை, சுற்றவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது என்று நாள் முழுக்கப் புகார் வரும். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து ஆளனுப்புகிறோம் என்று முடிக்க வேண்டும். சிக்னலுக்காக மொட்டை மாடியில் ஒரு குடையைக் கட்டி, அதன் கீழே உட்கார்ந்து வருந்திக்கொண்டிருந்தேன்.

எப்படியோ பயிர் விளைந்தது. எப்படி என்று எனக்குத் தெரியும். இவர் காலையில் வயலைச் சுற்றிவந்து படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார், பிறகு அண்ணி மண்வெட்டியோடு போவார். அறுப்பு மெஷின் வந்து அரை நாளில் வேலையை முடித்தது. நெல்லை டிராக்டரில் ஏற்றி அரசுக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் களத்தில் கொட்டினார்கள். "நாளைக்குப் போட்டுட்டு வந்துடலாம்," என்றார் என் கணவர். அண்ணி வானத்தைப் பார்த்தார்.

நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்த எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளிக் கருவியில் போட்டார். "இருபத்தொண்ணு," என்றார். என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். படித்த காலத்தில் எந்தப் பரீட்சையிலும் தோற்காதவர்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது.

அந்தக் களத்தில் ஒன்பது நாள் இருந்தோம். மழை வந்தால் குவியலைப் படுதாவால் மூட வேண்டும். வெயில் வந்தால் திறந்து பரப்பி, காலால் உழுவதுபோல் நடந்து நடந்து கிளற வேண்டும். மறுபடி இருட்டிக்கொண்டு வந்தால் பலகையால் தள்ளிக் குவிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சில நாள் ஐந்து தடவை. அவராலும் அண்ணியாலும் மட்டும் முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் மழைக்காக விடுமுறை விட்டிருந்ததால் மகளும் வந்தாள். நானும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குடையோடு வந்து சேர்ந்தேன். அங்கே சிக்னல் எங்கள் மொட்டை மாடியைவிட நன்றாக இருந்தது.

பக்கத்துக் குவியல்காரருக்கு அறுபது வயதிருக்கும். படுதாவின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நாங்கள் பிடிக்க, இரண்டாம் நாளே பழக்கமாகிவிட்டார். நான் வேலை செய்வதை வெகு நேரம் கவனித்துவிட்டு அண்ணியிடம் கேட்டார்:

"இந்தப் பொண்ணு யாருகிட்ட இவ்வளவு நேரமா மன்னிப்புக் கேக்குது?"

"அதுதான் அதுக்கு வேலை," என்றார் அண்ணி.

பெரியவர் தலையை ஆட்டினார். மறுநாள் எழுத்தர் எங்கள் நெல்லைப் பார்த்து "இருபது" என்று சொன்னபோது, பெரியவர் என் கணவரின் தோளில் கைவைத்து மிகவும் மரியாதையாக, "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்," என்றார். அதற்குப் பிறகு களத்தில் யாருக்கு என்ன ஆனாலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். படுதா கிழிந்த ஒருவருக்குச் சொன்னார்கள். டீ கொட்டிப்போன ஒருவருக்குச் சொன்னார்கள். எழுத்தரே ஒருதரம் சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் ஓர் அழைப்பு வந்தது. அம்பத்தூரிலிருந்து ஒரு பெண். துணி பிழியும்போது மெஷின் நின்றுவிடுகிறதாம். அந்த நேரம் பார்த்து ஆடுகள் நெல்லில் வாய் வைக்க, அண்ணி அவற்றை விரட்ட, பெரிய சத்தமாகிவிட்டது.

"ஏங்க, ஆடு கத்துற மாதிரி இருக்கு?" என்றார் அந்தப் பெண்.

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாங்க," என்றேன்.

"எந்த ஊர்லேர்ந்து பேசுறீங்க?"

"மன்னார்குடி பக்கம்."

"அடடே, எனக்குத் திருத்துறைப்பூண்டிங்க. களத்துலயா இருக்கீங்க? ஈரப்பதம் எவ்வளவு சொன்னாங்க?"

"இருபதுங்க."

"எங்க அண்ணனுக்குப் பத்தொன்பதரை. போன வாரத்துலேர்ந்து உக்காந்திருக்கு. என் வீட்டுல துணி காயல, உங்க வீட்டுல நெல்லு காயல. சரி, ஆளை மெதுவாவே அனுப்புங்க. நீங்க முதல்ல படுதாவைப் பாருங்க."

பேசி முடித்ததும் வாடிக்கையாளர்கள் எங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். அந்த மாதம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல மதிப்பெண் அவர் கொடுத்ததுதான்.

ஆறாம் நாள் என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் போய் நான் தலைமுடி காய வைக்கும் மெஷினை எடுத்து வந்தார். எழுத்தரின் அறை வாசலில் இருந்த ப்ளக்கில் செருகி, ஒரு முறத்தில் நெல்லைப் பரப்பிக் காற்றடிக்க ஆரம்பித்தார். களமே வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தது. பத்து நிமிடத்தில் முறத்து நெல் மொறுமொறுவென்று ஆனது.

"தம்பி," என்றார் அண்ணி, "இது ஒரு முறம். இன்னும் எவ்வளவு முறம் இருக்குன்னு பாத்தியா?"

அவர் திரும்பிக் குவியலைப் பார்த்தார். பிறகு மெஷினை அணைத்து, வயரைச் சுற்றி, என்னிடம் கொடுத்தார். அது அதற்கப்புறம் என் தலைக்கு வந்தபோதெல்லாம் உமி வாசனை அடித்தது.

அன்று மழை ஓய்ந்த ஒரு நேரத்தில் படுதாவின் ஓரத்தில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உடம்பெல்லாம் நெல் சுணை பட்டு அரிப்பு. மகள் அப்பாவின் மடியில் தலைவைத்துப் படுத்து, பள்ளியில் யாரோ யாரையோ தள்ளிவிட்ட நீளமான கதையைச் சொன்னாள். நடுவில் தூங்கியும் போனாள். அவர் அசையவில்லை. கால் மரத்துப்போயிருக்கும். ஆனாலும் அப்படியே இருந்தார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இத்தனை நாள் இவரைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. காதோரம் நரைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. சொன்னேன். "அது நெல்லுத் தூசி," என்றார். தட்டிவிட்டுப் பார்த்தேன். தூசி இல்லை.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் நல்ல வெயில். எழுத்தர் கருவியைப் பார்த்தார், இன்னொரு கைப்பிடி போட்டுப் பார்த்தார், "பதினேழு," என்றார். பக்கத்துக் குவியல்காரர் கைதட்டினார். என் கணவர் பட்டம் வாங்கியபோதுகூட அப்படி நின்றிருக்க மாட்டார். தூற்றி, மூட்டை பிடித்து, எடை போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூன்று பேரும் குளித்தோம். பிறகு அரிப்பு போகாமல் மறுபடி குளித்தோம்.

மறுநாள் காலையில் இவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, "இனிமே ரெண்டு மாசம் ஓய்வு," என்றார்.

"யாரு சொன்னா?" என்றார் அண்ணி. "வாய்க்கால்ல தண்ணி ஓடுறப்பவே அடுத்த போகம் தாளடியை நட்டுடணும். அடுத்த வாரம் நடவு." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ரெண்டு ஆளு கொறையிது. உனக்கு அன்னிக்கு லீவு கிடைக்குமா?"

கிடைத்தது. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கினேன். சேறு இதமாக இருந்தது. இடது கையில் நாற்றைப் பிடித்து வலது கையால் பிரித்து ஊன்ற வேண்டும். பின்னாலேயே நகர வேண்டும். மற்றவர்கள் வயலின் மறுகோடியை அடைந்தபோது நான் பாதி தூரத்தில் இருந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், என் வரிசை மட்டும் வடக்கே கிளம்பி, மெதுவாகக் கிழக்கே திரும்பியிருந்தது.

"பிடுங்கிட்டு நேரா நடட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வரிசையை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "வேணாம், விடு. கோணலா நட்டாலும் நெல்லுதான் வெளையும்," என்று சொல்லி அடுத்த நாற்று முடியை என் பக்கம் வீசினார்.