ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் பேட்டரி

எங்கள் ரிசார்ட்டில் தீர்ந்துபோன பேட்டரிகளைக் குப்பையில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மண்ணுக்குள் போனால் விஷமாம். வாய்ப்பக்கம் வெட்டிய ஒரு தண்ணீர் கேனை ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் வைத்தார்கள். அறைகளின் ஏசி ரிமோட், டிவி ரிமோட்டுகளிலிருந்து வருவதோடு, நாங்களும் வீட்டில் தீர்ந்ததைக் கொண்டுவந்து போடலாம்.

விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் மடித்து அடுக்கிக் கொடுப்பது என் வேலை. துணி அறையில் நான் ஒருத்திதான். ஆட்கள் வருவார்கள், கேட்டதை வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கும் தானாகப் போய்ப் பேசத் தெரியாது.

சனிக்கிழமைகளில் சாப்பிட்ட பிறகு எலக்ட்ரீஷியன் அந்தக் கேனைக் கவிழ்ப்பார். கோவளத்துக்காரர், பெரிய குரல். சின்ன பல்பு கட்டிய வயரில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். எரிந்தால் ஒரு பக்கம், எரியாவிட்டால் முனையில் டேப் ஒட்டி மூட்டைக்குள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். எதிலிருந்து எடுத்தது என்று கேட்பதுதான் அங்கே விளையாட்டு.

"இது எங்க பையன் போலீஸ் காரு," என்பாள் பாத்திரம் கழுவும் பெண். "ஊய் ஊய்னு கத்தி தாவு தீந்துபோச்சுண்ணா."

"பேட்டரிக் கட்டைய உருவிட்டு ரிப்பேருன்னு சொல்லிட்டியா?"

"பின்ன இன்னா?"

மாமியாரின் டார்ச், மாமனாரின் ரேடியோ, பாப்பாவின் பாட்டுப் பொம்மை. இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொருவர் வீடும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாக்கா, நீ மட்டும் ஒண்ணுகூடப் போடல? வூட்ல அத்தினி சிக்கனமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் இருப்பது திருவிடந்தையில், ஓர் அறை வாடகை வீடு. கல்யாணம் கூடிவர வேண்டுமென்று கழுத்தில் மாலையோடு கோயிலுக்கு வருகிறவர்களை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. அம்மா இருந்தவரை டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் பேட்டரி வாங்கி மாளாது. அம்மா போன பிறகு தம்பி டிவியைச் செங்கல்பட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். ரேடியோவை நானே யாருக்கோ கொடுத்துவிட்டேன். வெளிச்சத்துக்குச் செல்போன் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு முழுக்கத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடையில் புதிதாக வாங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு சுவர்க் கடிகாரத்தை இறக்கி, அதிலிருந்ததை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் யாரும் கவனிக்காதபோது அதைக் கேனுக்குள் போட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

எலக்ட்ரீஷியன் வயரை வைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"யாருப்பா இத்தப் போட்டது? முழு உசுரு கீது!"

"அக்காதான் போட்டுச்சு, நான் பாத்தேன்," என்றாள் பாத்திரம் கழுவும் பெண்.

"எதுல இருந்துக்கா?"

"கடியாரம்."

"நின்னுபோச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "இல்ல, ஓடிக்கினுதான் இருந்துச்சு."

"ஓடுற கடியாரத்துல இருந்தா புடுங்கினு வந்தே? இன்னாத்துக்கு?"

"வேற ஒண்ணும் இல்ல. நான் ஒருத்திதான வூட்ல."

யாரும் சிரிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் பேட்டரியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "போய் மாட்டுக்கா," என்றார். அதோடு அடுத்ததை எடுத்தார்.

அதுவரை நான் அங்கே வாய் திறக்காதவள். அன்றிலிருந்து பாவப்பட்டவள். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் தட்டோடு வந்தால் பேச்சை மாற்றினார்கள். பாத்திரம் கழுவும் பெண் ஒரு டப்பாவில் எனக்கு மீன்குழம்பு கொண்டுவந்தாள். நல்ல குழம்பு. "ஒரு ஞாயித்துக்கெழம வூட்டாண்ட வாக்கா," என்று மூன்று நான்கு பேர் கூப்பிட்டார்கள். எந்த ஞாயிறு என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் சிரித்ததே தேவலை என்று தோன்றியது. சனிக்கிழமை அந்தப் பக்கம் போகாமல் துணி அறையிலேயே சாப்பிட்டுவிடலாம் என்றிருந்தேன்.

ஆனாலும் போனேன். எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து பார்த்தார்.

"வாக்கா. இந்த வாரம் எந்தக் கடியாரத்தக் கொன்னுட்டு வந்தே?"

"சும்மா இருண்ணா," என்று பாத்திரம் கழுவும் பெண் அவர் முதுகில் தட்டினாள்.

"என் வூட்டுது முடிஞ்சிபோச்சு," என்றேன். "உன் கைல கட்டினுகிறியே, அத்தக் கழட்டு."

அவர் வாட்சை மறைத்துக்கொண்டு, "ஐயோ, உசாரா இருங்கப்பா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது, நான் சொன்னதை இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்ல யாருமில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.