பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போன பிள்ளைக்காக

போன வருடம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளை எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டை விட்டுப் போனாள். நான் வேலையால் வந்து அறையை எட்டிப் பார்த்தேன். கட்டில் விரிப்பைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். வீட்டுச் சாவி மேசையில் கிடந்தது. வேலை உடுப்போடேயே தரையில் இருந்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை. ஆண்டவரே, ஐந்து வருடம் வளர்த்தது இதற்குத்தானா என்று கேட்டேன். அதைச் செபம் என்று சொல்லமுடியாது. சண்டை.

அவள் நான் பெற்ற பிள்ளை இல்லை. அரசாங்கப் பராமரிப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளை. பதின்மூன்று வயதில் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். ஆறு கிழமைக்கு என்றார்கள், ஐந்து வருடமாகிவிட்டது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கணவர் பஸ் ஓட்டுகிறார். மகன்மார் இரண்டு பேரும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். அறுபதை நெருங்கும் வயதில் மறுபடி பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டுவது விளையாட்டில்லை. காலையில் முழங்கால் நோவோடு எழும்பித்தான் கட்டினேன். ஆனாலும் அவள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது.

பராமரிப்பில் வளரும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் அந்த ஏற்பாடு முடிகிறது. பிள்ளை விரும்பினால் இருபத்தொரு வயதுவரை அதே வீட்டில் இருக்க உதவி உண்டு. அதற்கு அவள் சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். அவளைப் பொறுப்பெடுத்திருந்த அரசாங்கக் கேஸ் வேர்க்கர் தந்த தாள் ஒரு மாதமாகக் குசினி மேசையில் கிடந்தது. கேட்டால் யோசிக்கிறேன் என்றாள். இப்படிப் போன பிள்ளைகள் காருக்குள்ளும் கண்டவர் வீட்டுச் சோபாவிலும் படுத்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு நித்திரை போய்விட்டது.

நான் மன்னார்க்காரி. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மனப்பாரம் வந்தால் செபக் குழுவில் இறக்கிவைப்போம். விபரமாகச் சொன்னால்தான் உருக்கமாகச் செபிப்பார்கள் என்று ஒரு நினைப்பு. செபமாலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன். அவளுடைய பெயர், தாயின் மனநோய், தகப்பன் எங்கே இருக்கிறார், அவள் கையெழுத்து வைக்காமல் இழுத்தடிப்பது, ஒன்றையும் விடவில்லை. கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். குழுவில் உள்ள ஒரு அன்ரி பாசத்தோடுதான் வந்து அவளுடைய கையைப் பிடித்தார். அம்மாவுக்கு இப்ப சுகமோ, நாங்கள் எல்லாரும் செபிக்கிறம் என்றார். பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டாள்.

"அன்ரி, என்ர அம்மாவைப் பற்றி ஏன் எல்லாருக்கும் சொன்னனீங்கள்?"

"செபிக்கத்தானே பிள்ளை சொன்னனான்."

"சின்னனில இருந்து என்ர கதையை எனக்குத் தெரியாத ஆக்கள்தான் மீட்டிங்கில இருந்து வாசிக்கிறவை. இந்த வீட்டில மட்டும் நான் ஃபைல் இல்லை எண்டு நினைச்சனான்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று வாதாடினேன். பதினெட்டு முடிந்த அந்தச் சனிக்கிழமையே டார்னெய்ட்டில் நாலைந்து பேர் வாடகையைப் பகிர்ந்து இருந்த ஒரு வீட்டு அறைக்குப் போய்விட்டாள்.

பிறகு வந்த மாதங்களை நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. அவளைத் திருப்பிக் கொண்டுவாரும், அவளுக்குப் புத்தியைக் கொடும் என்று தினமும் கேட்டேன். ஆண்டவர் வாய் திறக்கவில்லை. சில நாட்கள் செபமாலையைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

வேலையில் ஒருவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதற்கு முன் நாங்கள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடுவோம். அது கைப்பழக்கம். ஒரு காலை, பேசமுடியாத ஒரு முதியவருக்காகத் திரையை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத மனுசருக்கெல்லாம் திரை இழுக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையை மட்டும் ஊர் பார்க்க விட்டேன். அவளுக்குப் புத்தி கேட்டேன், ஆண்டவர் எனக்குத் தந்தார். செபத்துக்கு வந்த முதல் பதில் அதுதான்.

அன்றே குழுவில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். எழுதியதை அழித்துவிடுங்கள், அவளைக் கண்டால் எதுவும் கேட்காதீர்கள் என்று கெஞ்சினேன். சிலருக்குக் கோபம். அவளுக்கு, நான் செய்தது பிழை, உன்னிடம் கேட்காமல் சொன்னேன் என்று மட்டும் எழுதினேன். 'ஆனால்' என்று தொடங்கிய வரியை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு, திரும்பி வரவேண்டும் என்று செபிக்கவில்லை. அவள் தனித்துப்போகக் கூடாது, அவ்வளவுதான் கேட்டேன்.

குளிர்காலம் முடியும் நேரம் ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. அவள் இருந்த வீட்டை விற்கிறார்களாம், இரண்டு கிழமையில் எல்லாரும் வெளிக்கிட வேண்டுமாம். வேறு இடம் கிடைக்கவில்லை.

"அன்ரி, அந்தப் பேப்பர் இன்னும் இருக்கோ?"

"ஓம் பிள்ளை, இருக்கு."

"நான் வாறதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. செபிக்கிறதுக்கும்."

சரி என்றேன். கேஸ் வேர்க்கரைக் கேட்டோம், இன்னும் காலம் பிந்தவில்லை என்றார். அவள் கையெழுத்து வைத்தாள். அந்த மாதம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய உபவாசம். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது அவள் எங்களோடு இருந்து படிக்கிறாள். பூசைக்கு வருவதில்லை, நான் கேட்பதுமில்லை. சில நாள் சிரிப்பாள், சில நாள் கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்கு இன்னும் களைப்புத்தான். இருபத்தொன்றில் அவள் போகத்தான் போகிறாள். அப்போது துரத்தப்பட்டவள்போல் இல்லாமல், வந்துபோக ஒரு வீடுள்ள பிள்ளையாகப் போவாள். ஆண்டவருக்கு நன்றி.

பிள்ளைக்காக ஏங்கும் யாராவது இதை வாசித்தால், விட்டுவிடாமல் கேளுங்கள். ஆண்டவர் உங்களையே முதலில் திருத்துவார், பயப்படாதீர்கள். இதை எழுதி முடித்ததும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன். மிச்சத்தைச் சொல்லலாம் என்றாள். அவளுக்காக நீங்களும் செபியுங்கள். பெயரைச் சொல்லமாட்டேன். யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்.