வளர்ந்துகொண்டே போன புல்லாங்குழல்

நேற்று ஓட்டலில் டிபன் சாப்பிடும்போது டிவியில் ஒரு பழைய பாடகர், ஒரு காலத்தில் உச்சத்தில் பாடிய தன் பாட்டையே தாழ்ந்த சுருதியில் பாடினார். பக்கத்து மேசைக்காரர், "கொரல் போச்சு, பாவம்" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காபியை ஆற்றிக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். என் கோபமெல்லாம் எப்போதும் அவ்வளவுதான்.

கோபத்துக்குக் காரணம் வசந்தா அக்கா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபாக்டரி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லி மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு. அக்கா அதில் பாடகி. அவருக்கும் எஸ்டேட்தான். தகடு அடிக்கும் பிரஸ் மிஷின்களுக்கு நடுவே கத்தினால்தான் பக்கத்து ஆளுக்கே கேட்கும். இருபது வருடக் கத்தலும் நாற்பத்தைந்து வயதும் சேர்ந்து அவர் குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. மேலே போனால் உடைந்தது. குழு நடத்துபவர், "ஆடி முடியட்டும், சின்னப் பொண்ணா பாத்துக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு வாரம் பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கினேன், அடுத்த வாரம் இன்னொரு அரை. கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் போதும். குழுவின் புல்லாங்குழல்காரருக்குப் பொத்தான் ஏது? சுருதி இறங்க இறங்க நீளமான குழலைத்தான் எடுக்க வேண்டும். அதை நான் யோசிக்கவே இல்லை. பெரிய மூளைக்காரன்!

குமணன்சாவடி ஆடித் திருவிழா மேடையில் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பில்லாங்கொயலு வாராவாரம் வளந்துகினே போவுது?"

நான் அந்தப் பொத்தானைக் கையால் மறைத்தேன்.

"எறக்கறதுன்னா ஒயுங்கா எறக்கு. ரெண்டு கட்டை."

"பாட்டு படுத்துக்கும்க்கா."

"படுக்கட்டும். நான் எயுப்பிக்கிறேன்."

அதுவரை சின்னப் பெண் குரலில் பாட மெனக்கெட்டவர், அன்றுதான் தன் வயதில் பாடினார். அந்தக் கரகரப்பு பாட்டில் அப்படியே பொருந்தியது. விசிலடித்த கூட்டம் அடங்கிப்போனது. முடிந்ததும் முன்வரிசைப் பெண்கள், "இன்னொரு தபா!" என்று கத்தினார்கள். சின்னப் பெண் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

இன்று அந்தக் குழு இல்லை, எஸ்டேட்டில் அந்த பிரஸ் ஷாப்பும் இல்லை. அக்காவின் பழைய கீச்சுக் குரலை எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கே போன் செய்து, "இப்ப எத்தினி கட்டைக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் எறங்கிகினுதான் கீறேன்டா. தரை இன்னும் வர்ல."