காடைக் கூண்டும் ஓவர்சீயர் பூனையும்

காரிமங்கலம் பக்கம் காடை வளர்க்கக் கூண்டு வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் நிர்மலாதேவியைத்தான் கைகாட்டுவார்கள். அவளைக் கூப்பிட்டால் பூனையும் கூட வரும். ஆமாம், பூனைதான்! அவளுடைய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் முன்னால் வெல்டிங் மெஷின், பின்னால் மூடி கட்டிய தக்காளிக் கூடை. கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கடுவன். அதுக்கு அவள் வைத்திருக்கிற பேர் ஓவர்சீயர்.

கூண்டு வேலை முடிந்த அன்றைக்கு உள்ளே ஒரு தட்டில் பொரித்த ஜிலேபி மீனை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஓவர்சீயரை வெளியே அவிழ்த்துவிடுவாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அதுக்குச் சோறு கிடையாது. மூன்று மணி நேரம் கழித்தும் மீன் தட்டிலேயே கிடந்தால் கூண்டு பாஸ். பூனை உள்ளே புகுந்துவிட்டால் கூலி வேண்டாம், பிரித்து மறுபடியும் கட்டித் தருகிறேன் என்பாள். நாலு வருஷத்தில் நாற்பது கூண்டுக்கு மேல் கட்டியாயிற்று, ஒரு கூண்டும் பெயில் ஆனதில்லை. வீட்டுக்குப் போனதும் அந்த மீனை ஓவர்சீயருக்கே போட்டுவிடுவாள். அதையும் சொல்லிவிடணும், இல்லாவிட்டால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

புருஷன் சின்னராஜ் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் தொப்பூர் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் இருப்பான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க நிர்மலாவால் ஆகாது. கிரில் பட்டறைக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போனாள். ஆறே மாதத்தில் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டறைக்காரருக்கே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, இந்த மூலை சதுரமா இல்லீங்க." சதுரமாகத்தான் இருக்காது. அவள் கண் அப்படி.

அவள் கட்டிய முதல் காடைக் கூண்டு அவளுடைய நாத்தனார் செல்லிக்கு. சின்னராஜின் அக்கா அவள், நாலு வீடு தள்ளி இருக்கிறாள். கொட்டகைக்குப் பக்கத்தில் வெயில் படுகிற இடத்தில் தகரக் கூரை போட்டு, நூறு காடை விடுகிற மாதிரி ஜோராகக் கட்டிக் கொடுத்தாள். இருபது நாள் ஆயிற்று. சந்தை நாளில் மத்தியானம் காரிமங்கலத்துக்குப் போன செல்லி, பொழுது சாயத் திரும்பி வந்து கூண்டைத் திறந்தால் உள்ளே ஒரே இறகு. பாதிக் காடையைப் பூனை கொன்றிருந்தது. மீதி பயத்தில் செங்குத்தாக எம்பித் தகரத்தில் மண்டையை இடித்துக்கொண்டு செத்துக் கிடந்தது. மூலையில் வயிறு புடைக்க ஒரு கடுவன் தூங்கிக்கொண்டிருந்தது.

நிர்மலா ஓடி வந்து கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வலை ஒரு இடத்திலும் கிழியவில்லை. மண் தோண்டவில்லை. தகரம் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"கதவைச் சாத்தாம போயிட்டீங்க அண்ணி."

"தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் போனேன். வந்து நான்தான் திறந்தேன்."

"அப்படீன்னா பூனையே தாழ்ப்பாளைத் திறந்து உள்ள போயி, மறுபடி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்குச்சா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. அப்புறம் செல்லி பஸ் ஏறினாலும், ரேஷன் கடையில் நின்றாலும், "வூட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டியா செல்லி?" என்று யாராவது ஒருத்தர் கேட்காமல் விடமாட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. "உன் கையால என் வூட்டுல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்று நிர்மலாவிடம் சொன்னதுதான் கடைசி. நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது.

பூனையைச் சாக்கில் கட்டிக் கணவாயில் விட்டுவிடச் சொன்னார்கள். நிர்மலா விடவில்லை. "இதைவிடக் கெட்டிக்காரத் திருடன் எங்க கிடைப்பான்? வேலைக்கு வெச்சுக்கிறேன்" என்று தூக்கிக்கொண்டு போனாள். ஓவர்சீயர் வந்த கதை இதுதான்.

அந்தச் சாவிலிருந்து தொழிலும் கற்றுக்கொண்டாள், இல்லை என்று சொல்ல முடியாது. காடை மிரண்டால் பக்கவாட்டில் ஓடாது, நேராக மேலேதான் எம்பும். அதனால் தகரத்தை விட்டொழித்தாள். மேலே கம்பிவலை, அதற்கு ஒரு சாண் கீழே மெத்தென்று பச்சை வலை, மழைக்குப் பழைய பிளெக்ஸ் பேனர். யார் யாரோ கல்யாண மாப்பிள்ளைகள் காடைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அடியில் வலையை வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்து மண்ணுக்குள் படுக்க வைப்பாள். கீரியோ பெருச்சாளியோ எது தோண்டினாலும் கம்பியில்தான் முட்டும்.

இந்தச் சித்திரையில் கம்பைநல்லூர் மாதேஸ்வரன் கூப்பிட்டு அனுப்பினார். தென்னந்தோப்பும் பெரிய வீடும் உள்ளவர். முன்னூறு காடைக்கு ஒரு கூண்டு, அதை ஒட்டியே ஓசூரில் சொல்லி வைத்திருக்கிற ஒரு ஜோடி பெசண்டுக்கு ஒரு அறை. பெசண்ட் என்றால் கோழி உடம்பும் மயில் மாதிரி வாலும் உள்ள சீமைப் பறவை. வால் உரசாமல் திரும்புவதற்கு நிர்மலா அகலத்தைக் கூட்டிக்கொண்டாள். கூரையில்தான் அவர் ஒத்துவரவில்லை.

"என் வூட்டுக் கொல்லையில எவனோட கல்யாணப் பேனரோ தொங்கறதா? தகரம் போடும்மா."

"காடை மண்டை இடிச்சுக்குமுங்க."

"அதுக்கு உன் பச்சை வலை இருக்குதில்ல?"

சரி என்று போட்டாள். தகரம்தான் இருக்கிறதே, அதற்கும் வலைக்கும் நடுவில் கம்பிவலை எதற்கு என்று அதை மட்டும் விட்டுவிட்டாள். இத்தனை கூண்டு கட்டிய கைக்கு யோசனை எதற்கு?

சோதனை நாளன்று காரிமங்கலத்து மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேர் வேன் வைத்து வந்திறங்கினார்கள். பத்துப் பேருக்கும் கூண்டு வேண்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். பதினோராவது ஆளாகக் கடைசியில் இறங்கியவள் செல்லி, அவளும் அதே குழுதான். செல்லி இவள் முகத்தைப் பார்க்காமல் போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நிர்மலா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். பத்துக் கூண்டு ஆர்டர் பெரிசுதான். ஆனால் அவள் மனசு கேட்டது அதை இல்லை. செல்லி வாயால் "கூண்டு நல்லா இருக்குது" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

எட்டு மணிக்கு மீனை உள்ளே வைத்தாள். ஓவர்சீயர் கூண்டை ஒரு சுற்று வந்தது, கொட்டாவி விட்டது, நிழலில் படுத்துவிட்டது. பதினோரு மணிக்கும் மீன் அப்படியே இருந்தது. பெண்கள் கைதட்டினார்கள். "பாஸுங்க!" என்றார் மாதேஸ்வரன், என்னவோ தானே கட்டின மாதிரி.

நிர்மலாவுக்கு மட்டும் உறுத்தியது. இந்தப் பூனை இப்படிப் படுக்கிற ஜாதி இல்லையே! குனிந்து அதன் வயிற்றைத் தடவினாள். கல் மாதிரி இருந்தது.

"யாருங்க இதுக்குச் சோறு வெச்சது?"

மாதேஸ்வரனின் வீட்டுக்காரி முனியம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். "பாவம், கத்துச்சு. காலையில ஒரு கிண்ணம் தயிர்சோறு வெச்சேன்."

யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் பத்து ஆர்டரும் கையில். நிர்மலா மரத்தடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு சத்தமாகவே சொன்னாள்: "இது செல்லாதுங்க. பூனைக்குப் பசிக்கட்டும். சாப்பிட்டுட்டு இருங்க, மறுபடி வைக்கலாம்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் மாதேஸ்வரன்.

"என் கூண்டு பாஸாகுங்க. ஒழுங்கா எழுதி பாஸாகட்டும்."

மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று மணிக்கு ஓவர்சீயர் எழுந்து சோம்பல் முறித்தது. கூண்டை ஒட்டி முகர்ந்துகொண்டே போனது. தூணைப் பிடித்து ஏறியது. தகரத்தின் ஓரத்தில் தலையைக் கொடுத்து ஒரு முட்டு முட்டியது. அவ்வளவுதான், வால்தான் தெரிந்தது, வாலும் உள்ளே போயிற்று. பச்சை வலை டர்ரென்று கிழிந்தது. எல்லார் கண் முன்னாலும் மீனைத் தின்ன ஆரம்பித்தது.

நிர்மலா ஏணியைச் சாய்த்து ஏறினாள். தகரத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் தகரம் நாலு விரல் உயரத்துக்கு உப்பி எழும்பியிருந்தது. ஒரு குடம் தண்ணீர் வாங்கி அதன்மேல் ஊற்றினாள். டக்கென்று ஒரு சத்தம். தகரம் இறங்கிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஈர்க்குச்சிகூட நுழையாது.

ஏணியிலேயே நின்றுவிட்டாள். சந்தை நாள். மத்தியான வெயில். இதே தகரம். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது, தகரம் குளிர்ந்து சாதுவாக உட்கார்ந்திருந்தது.

ஐயோ, என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! இறங்கி நேராக மரத்தடிக்குப் போனாள்.

"அண்ணி, அன்னிக்கு நீங்க தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் போயிருக்கீங்க. தப்பு என் கூண்டுல. எம் மேல."

செல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள். நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக.

"இன்னொரு தரம் சொல்லு. சத்தமா சொல்லு. இவங்க எல்லார் காதுலயும் வுழட்டும்."

நிர்மலா திரும்பி நின்று, ஒரு கூண்டுக்கும் தான் தலைகுனிந்ததில்லை என்பதெல்லாம் மறந்து, அழுதுகொண்டே சத்தமாகச் சொன்னாள். அன்றைக்குச் சிரித்தவர்களில் மூன்று பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

செல்லி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கூண்டுக்குப் போய்க் கதவைத் திறந்து ஓவர்சீயரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டாள்.

"அரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ போடு. தகரத்துக்கு அடியில கம்பிவலையும் போடு. போட்டுட்டு நாளைக்கு மத்தியானம் மறுபடி வை, நானும் வந்து பார்க்கிறேன்" என்றாள் நிர்மலாவிடம்.

பிறகு கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"சாத்திட்டேன்," என்றாள் எல்லாரையும் பார்த்து. "நல்லா பாத்துக்கங்க."